பதினாலு குழியில் இருபத்திரண்டு ரெசிஸ்டர்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு என் பவர் சப்ளை முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. குமிழைத் திருப்பினால் வோல்ட் ஏறுகிறது, திருப்பி இறக்கினால் இறங்குகிறது. இவ்வளவுக்கும் ஒரு வருடம், இரண்டு கிட், ஒரு டெஸ்டர் செலவாகியிருக்கிறது. இந்தமுறை ஈயம் வைத்தது மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் சாமான் எண்ணியதிலும் அளந்ததிலும், போன வருடம் எண்ணாமல் அளக்காமல் விட்டதற்குப் பட்டதிலும் போனது.

எனக்குக் காரைக்குடியில் கேமரா பொருத்துகிற வேலை. 12 வோல்ட் அடாப்டர் போய்விட்டதா, கேமராவே போய்விட்டதா என்று வீட்டில் வைத்துப் பார்க்க, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு பவர் சப்ளை வேண்டும். ரெடிமேடாக வாங்கினால் நாலாயிரம் ரூபாய் என்றார்கள். சாமானை வாங்கி நாமே கட்டிக்கொள்கிற 0-30 வோல்ட், 3 ஆம்பியர் கிட் ஆன்லைனில் 640 ரூபாய்க்குக் கிடைத்தது. மூன்று டிஎல்081 ஐசி, ஒரு டி1047 பவர் டிரான்சிஸ்டர், கரண்ட்டை மட்டுப்படுத்துகிற 22 ரெசிஸ்டர், ஒரு பச்சை போர்டு. டிரான்ஸ்பார்மரும், சூட்டைத் தணிக்கிற ஹீட்சிங்கும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

போன வருடம் பொங்கல் லீவில் பொட்டலத்தைப் பிரித்த கையோடு உட்கார்ந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்கிற கலர்ப் பட்டைகளைக் கண்ணால் படித்துப் படித்துச் சொருகி, இரண்டே மணி நேரத்தில் முடித்துவிட்டேன். என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன். கரண்ட் கொடுத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவே இல்லை. ஐசி மூன்றையும் மாற்றினேன். அதே 12. சரி, சின்ன டிரான்சிஸ்டர்தான் போயிருக்கும் என்று போர்டில் இருந்த 9014-ஐக் கழற்றிவிட்டுக் கையிலிருந்த பிசி547-ஐ அதே திசையில் வைத்தேன். இருந்த 12-ம் போயிற்று. இரண்டுமே என்பிஎன் என்கிற ஒரே ரகம், பார்க்க ஒரே அச்சு. ஆனால் தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் 9014-க்குக் கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். பிசி547-க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். திருப்பி வைத்திருக்க வேண்டும். இது தெரிந்து திருப்பி வைப்பதற்குள் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி இரண்டு இடத்தில் போர்டின் செம்பே உரிந்து வந்துவிட்டது. உரிந்த இடத்தில் வயர் வைத்து ஒட்டிப் பார்த்தேன். பழைய 12 வோல்ட் திரும்பி வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போர்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன்.

இந்த வருடம் அதே கிட்டை 690 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். சாமான் ஒவ்வொன்றையும் எண்ணி, அளந்து, தாளில் எழுதி முடிக்கிற வரை சால்டரிங் அயர்னைப் பிளக்கில் சொருகுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன்.

முதல் பிரச்சினை இடம். எங்கள் வீடு பள்ளத்தூரில். ராத்திரி டியூப்லைட்டில் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரிவது போன வருடமே பட்டுத் தெரிந்தது. அதனால் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை வளவுதான் வேலை செய்கிற இடம். மேலே திறந்த வானம், வெயில் நேராக விழாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தால் கலர் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆனால் தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் கலர்ச்சாந்து ஊற்றி வார்க்கிற கல்லாயிற்றே, சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூப்பூவாக இருக்கும். உட்கார்ந்த பத்தாவது நிமிடம், கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற 1என்4148 டயோடு ஒன்று கைதவறி விழுந்தது. ஆரஞ்சுக் கண்ணாடி உடம்பு, அரிசி மணி அளவு. அந்தப் பூ வேலைப்பாட்டில் அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகுதான் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தேன்.

அடுத்தது, எதில் பிரித்து வைப்பது? முதலில் மங்குத் தட்டில் கொட்டிக் கும்பல் கும்பலாக ஒதுக்கினேன். தட்டு லேசாக ஆடினாலே எல்லாக் கும்பலும் கலந்துவிடுகிறது. பிரிட்ஜில் ஐஸ் வைக்கிற தட்டை எடுத்தேன். குழி ஆழமாக இருந்ததால் ரெசிஸ்டர் உள்ளே நெட்டுக்குத்தாக நின்றுகொண்டது, கலர் தெரியவில்லை. அப்போதுதான் பட்டாலை அலமாரியில் கிடந்த பல்லாங்குழிப் பலகை கண்ணில் பட்டது. தேக்கு, மடக்கி விரிக்கிற மாதிரி, பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. கிட்டோடு வந்த பட்டியலைப் பார்த்தால் ரெசிஸ்டர் மொத்தம் 22, மதிப்பு வகை சரியாகப் பதினாலு. 33 ஓம், 82, 220, பிறகு கிலோ ஓமில் 1, 1.5, 2.2, 3.9, 4.7, 10, 27, 56, 270; அதோடு 2.2 கே-யிலேயே (கே என்றால் கிலோ ஓம்) தடித்த 1 வாட் ஒன்று, வெள்ளைக் கல் மாதிரி 5 வாட் 0.47 ஓம் ஒன்று. எனக்கென்றே கடைந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு குழிக்குக் கீழேயும் வெள்ளை டேப் ஒட்டிப் பென்சிலால் மதிப்பை எழுதினேன்.

அப்பத்தா சுளகோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கவுனி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "என்னப்பு, சோழிக்குப் பதிலா இதையா போட்டு விளையாடுற?" என்று கேட்டது. கலர் பார்த்துப் பிரிக்கிற வேலை என்றதும் சுளகை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டியது. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அதற்கு நிறம் என்னைவிடத் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அதன் கலர் கணக்கே வேறு. பழுப்பு என்றால் காப்பிப்பொடி, ஊதா என்றால் கத்தரிப்பூ, எல்லாமே சேலைக் கடைப் பெயர். இந்தக் கிட்டில் வருவது நீல உடம்பு, ஐந்து பட்டை, 1 சதவீத ரெசிஸ்டர். நீலத்தின்மேல் பூசினால் எந்தக் கலரும் கொஞ்சம் கறுத்துத்தான் தெரியும்.

நான் ஒரே குழியில் போட்டு வைத்திருந்த மூன்றை அப்பத்தா எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இதுல ரெண்டுக்கு நாலாவது கோடு அரக்கு. இது ஒண்ணுக்குச் செங்காவி. தனியா வை" என்றது. எனக்கு மூன்றுமே சிவப்பாகத்தான் தெரிந்தன. மல்டிமீட்டரை வைத்தேன். முதல் இரண்டும் 27.0, 26.9 கிலோ ஓம். மூன்றாவது 269.

சிவப்பு, ஊதா, கருப்பு, சிவப்பு, பழுப்பு என்றால் 27 கே. சிவப்பு, ஊதா, கருப்பு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 270 கே. நடுவில் ஒரே ஒரு பட்டை. சட்டென்று பொறி தட்டியது. எழுந்து போய்ப் பரணிலிருந்து போன வருடத்துப் போர்டை இறக்கினேன். போர்டிலேயே வைத்து அளந்தால் சுற்றியுள்ள சாமான்களும் சேர்ந்து பொய்க் கணக்குச் சொல்லும் என்பதால் போர்டில் ஆர்11 என்று போட்ட இடத்து ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் சூடாக்கித் தூக்கினேன் (ஆமாம், கட்டுப்பாடு இங்கேயே உடைந்துவிட்டது, அது பழைய போர்டுதானே). 27 கே இருக்க வேண்டிய இடத்தில் 270 கே உட்கார்ந்திருந்தது. 27-ம் 56-ம் சேர்ந்து உள்ளே இருக்கிற 10.2 வோல்ட்டை மூன்று மடங்காக்கி 31-க்குக் கொண்டுபோக வேண்டும். 27 இருந்த இடத்தில் 270 இருந்தால் 1.2 மடங்குதான், 12 வோல்ட்டோடு நின்றுவிடும். ஒரு வருடமாக நான் ஐசியையும் டிரான்சிஸ்டரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் வைத்த பிறகே குழியில் போட்டேன். கலர் படிப்பதே தேவையில்லை என்று சொல்லலாம், ஆனால் கலரும் மீட்டரும் இரண்டும் ஒத்துப்போனால் ஒரு நிம்மதி. பழுப்பில் தொடங்கிப் பழுப்பில் முடிகிற 10 கே-யைத் தலைகீழாகப் படித்தால் 120 ஓம் என்று வரும். அதற்கும் மீட்டர்தான் தீர்ப்பு.

அளப்பதிலும் இரண்டு இடத்தில் ஏமாந்தேன். 270 கே-யின் இரண்டு காலையும் இரண்டு கை விரலால் மீட்டர் முனையோடு சேர்த்துப் பிடித்தால் 243 காட்டுகிறது. வியர்த்த உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான், அதுவும் பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. முதலைக் கிளிப் மாட்டி, கையை எடுத்தால் 269. சின்ன மதிப்பில் இது நேர் எதிர். 0.47 ஓம் வெள்ளைக் கல் 0.8 என்று காட்டியது. கிட்காரன் தப்பாக அனுப்பிவிட்டான் என்று நினைத்து ஆன்லைனில் புகார் எழுதக்கூட ஆரம்பித்தேன். பிறகு மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால், அதுவே 0.3. கழித்தால் 0.5. சரிதான். புகாரை அழித்தேன்.

ஆனால் வேறொரு புகாருக்கு நியாயம் இருந்தது. எண்ணிக்கை 22, பட்டியலோடு சரி. குழி குழியாகப் பார்த்தால் 10 கே ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு, 56 கே இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. வெறுமனே எண்ணியிருந்தால் சரியாக இருக்கிறது என்று விட்டிருப்பேன். 10 கே குழியைப் பார்த்து அப்பத்தா பல்லாங்குழிக் கணக்கில், "நாலு சேர்ந்தாலே பசு. அப்பவே எடுத்திருக்கணும்" என்றது.

ஒரே ஒரு 56 கே-க்காகத் திங்கட்கிழமை காரைக்குடியில் அலைந்தேன். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. ஆனால் ஒரு கால் வாட் ரெசிஸ்டர் வேண்டுமென்றால் கடை கடையாக ஏற வேண்டியிருக்கிறது. ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடைகள் மொபைல் கடையாகிவிட்டன. கடைசியில் பழைய டிவி மெக்கானிக் ஒருவர், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துப் பத்துக் கார்பன் ரெசிஸ்டர் பொறுக்கிக் கொடுத்தார். பத்து ரூபாய். அவர் மேசையிலேயே பத்தையும் அளந்தேன், 54.8-லிருந்து 57.1 வரை இருந்தது. 5 சதவீத ரகம் என்றால் அப்படித்தான் இருக்கும். 56.1 காட்டியதை எடுத்துத் தனிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். "இதுக்குப் போயி இவ்வளவு பார்க்கிறீங்களே தம்பி" என்றார். போன வருடத்துக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "எரிச்சுப் பார்த்தாத்தான் அளக்கத் தோணும்" என்றார்.

அடுத்து டயோடு. பெரிய நாலும் கறுப்பாக, தடிமனாக இருப்பவை, குழப்பமில்லை. தொல்லை சின்னக் கண்ணாடி டயோடுகளில்தான். நாலு 1என்4148, வோல்ட்டை ஒரு அளவில் நிறுத்துகிற 5.1 வோல்ட் ஜீனர் இரண்டு. இரண்டு வகைக்கும் ஒரே ஆரஞ்சு உடம்பு, ஒரே கறுப்புக் கோடு, எல்லாம் ஒரே பொட்டலத்தில். உடம்பில் எழுத்து இருக்கிறது, கடிகார ரிப்பேர்க்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ் வைத்தாலும் பாதிதான் படிக்க முடிகிறது. மல்டிமீட்டர் டயோடு பகுதியில் இரண்டுமே 0.6, 0.7 என்று காட்டும், வித்தியாசம் தெரியாது. இதற்கு ஒரு 9 வோல்ட் பேட்டரியும் ஒரு 1 கே ரெசிஸ்டரும் போதும். ரெசிஸ்டர் வழியாக பேட்டரியின் பிளஸ்ஸை டயோடின் கோடு போட்ட முனைக்கும், மைனஸை மறு முனைக்கும் கொடுத்து, டயோடுக்குக் குறுக்கே வோல்ட் பார்க்க வேண்டும். 1என்4148 என்றால் பேட்டரியின் முழு வோல்ட்டும் நிற்கும், எனக்கு 9.2. ஜீனர் என்றால் அதன் மதிப்பில் நின்றுவிடும், எனக்கு 5.03, 5.06. கையில் மிச்சமிருந்த ஐந்து டயோடுக்கும் நாலு நிமிடம் ஆகவில்லை. ஜீனர் இரண்டையும் ஒரு துண்டு டேப்பில் ஒட்டி எழுதி வைத்தேன். தரையில் தொலைந்த 1என்4148-க்குப் பதிலாகப் பழைய போர்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன்.

டிரான்சிஸ்டரில் 9014-ம் 9015-ம் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஒன்று என்பிஎன், மற்றது அதற்கு நேர் எதிரான பிஎன்பி. எழுத்தில் கடைசி எண் மட்டும் வேறு. இவற்றுக்காகவே 950 ரூபாய்க்கு ஒரு டெஸ்டர் வாங்கியிருந்தேன். சாமானை எப்படிச் சொருகினாலும் அது என்ன, எந்தக் கால் எது என்று படம் போட்டுக் காட்டுகிற சின்னப் பெட்டி. அருமையான சாமான். இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது.

கதை இப்படி. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற சாமான் கண்டன்சர். கிட்டின் பெரிய கண்டன்சர் 3300 மைக்ரோ பேரட், 50 வோல்ட். டெஸ்டரில் 2910 காட்டியது. கூடக் குறைய 20 சதவீதம் இருக்கலாம் என்பதால் அது சரிதான். ஆனால் அது மனதுக்குப் போதவில்லை. கண்டன்சர் பழைய சரக்காக இருந்தால் கசியுமே என்று, மூன்று 9 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்து 27 வோல்ட் கொடுத்து, கழற்றி வைத்துவிட்டு, எவ்வளவு வேகத்தில் வோல்ட் இறங்குகிறது என்று பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் இறங்கியது. நல்ல கண்டன்சர். சந்தோஷத்தில், சார்ஜ் ஏறிய பிறகு மைக்ரோ பேரட் மாறியிருக்கிறதா பார்ப்போம் என்று அப்படியே எடுத்து டெஸ்டரில் சொருகினேன். டிக் என்று ஒரு சத்தம். திரை அணைந்தது. உள்ளே இருக்கிற சிப் தாங்குவதே 5 வோல்ட். நான் கொடுத்தது 25. கண்டன்சரின் இரண்டு காலையும் ஒரு ரெசிஸ்டரால் தொட்டு வடித்துவிட்டுத்தான் சொருக வேண்டும் என்று டெஸ்டரோடு வந்த துண்டுச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்துமிருந்தேன்.

நல்லவேளை, டிரான்சிஸ்டரும் சின்னக் கண்டன்சர்களும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. சின்னதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: 101 என்று எழுதியிருந்தால் 100 பைக்கோ பேரட், 104 என்றால் 100 நானோ. கடைசி எண் எத்தனை பூஜ்யம் என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு.

குமிழ் வைத்துத் திருப்புகிற 10 கே பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு. பி10கே என்று இருந்தது, அதாவது திருப்புகிற அளவுக்குச் சீராக ஏறுகிற ரகம். நட்ட நடுவில் வைத்தால் 5 கே பக்கம் காட்ட வேண்டும், 5.1, 4.9. அதைவிட முக்கியமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். நடுவில் எங்காவது எகிறினால், பிறகு கேமராவை மாட்டி வைத்திருக்கும்போது அந்த இடத்தில் வோல்ட்டும் எகிறும்.

இப்போது நியாயமாக உட்கார்ந்து புதுப் போர்டைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் பழைய போர்டு கையில் இருக்கிறதே என்று ஆசை. 270 கே இருக்க வேண்டிய ஆர்10-லும் 27 கே இருக்க வேண்டிய ஆர்11-லும் இருந்ததை இடம் மாற்றி ஒட்டி, ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் கொடுத்தேன். 31 வோல்ட் வரை ஏறியது! ஒரு வருடக் கோபமும் தணிந்தது. அரை மணி நேரம் கழித்துக் குமிழைக் குறைத்தால் குறையவில்லை. வோல்ட் உச்சியில் போய் நின்றுவிட்டது. ஐசி ஒன்று தொட முடியாத சூடு.

காரணம் பொட்டலத்தில் இல்லை, நான் தனியாக வாங்கிய டிரான்ஸ்பார்மரில் இருந்தது. 24 வோல்ட் 3 ஆம்பியர் என்று எழுதி 820 ரூபாய்க்கு வாங்கியது. கிட்டிலும் 24 வோல்ட் ஏசி கொடுக்கச் சொல்லித்தான் போட்டிருக்கிறது. லோடு இல்லாமல் அளந்தால் பகலில் 26.8. எங்கள் தெருவில் ராத்திரி லைன் வோல்ட்டேஜ் 245-ஐத் தாண்டும், அப்போது இன்னும் கூடும். அதை டிசியாக்கினால் 37, 38. அதற்குக் கீழே மைனஸ் 5 வோல்ட் வேறு. மிச்சமிருந்த ஐசியின் 7-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன்: 42.6. டிஎல்081 தாங்குவது மொத்தம் 36. போன வருடம் எரியாமல் ஓடியதே அதிர்ஷ்டம்தான். வந்த சாமானை எல்லாம் குழி குழியாக அளந்தவன், வெளியில் வாங்கிய ஒரு சாமானை மட்டும் எழுதியிருப்பதை நம்பி அப்படியே மாட்டியிருக்கிறேன்.

மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு போனேன். எத்தனை சுற்று அவிழ்க்க வேண்டும் என்று அண்ணன் காட்டிய வழி அழகானது. காயிலுக்கும் தகட்டுக்கும் இடையில் இருக்கிற சந்தில் மெல்லிய வயரைப் பத்துச் சுற்றுச் சுற்றி, மெயின் கரண்ட் கொடுத்து அந்தப் பத்துச் சுற்றில் மட்டும் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். 2.2 வோல்ட். அப்படியானால் வோல்ட்டுக்கு நாலரைச் சுற்று. 26.8-ஐ 20.5 ஆக்க 28 சுற்று அவிழ்க்க வேண்டும். தகடுகளைக் கழற்றி, அவிழ்த்து, வார்னிஷ் தடவி, மறுநாள் கொடுத்தார். 250 ரூபாய். அளந்தால் 20.6. ஐசி கால்களுக்கு இடையில் இனி 33-ஐ ஒட்டி வரும், ராத்திரியிலும் 36-ஐத் தாண்டாது. 30 வோல்ட் கிடைக்காது, 25-ஓடு சரி. எனக்கு வேண்டியது 12-தான்.

கட்டியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால்கள் கறுத்திருந்த டயோடுகளைப் பிளேடால் லேசாகச் சுரண்டினேன், இல்லாவிட்டால் ஈயம் உருண்டு ஓடும். ஒவ்வொரு குழியாகக் காலி செய்துகொண்டே போனேன்; ஒரு குழி காலியானதும் பட்டியலில் ஒரு கோடு. ஐசிக்குச் சாக்கெட் மட்டும் வைத்து, ஐசி இல்லாமல், பழைய 60 வாட் குண்டு பல்பை வரிசையில் போட்டுக் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. அதாவது ஷார்ட் இல்லை. சாக்கெட்டில் 7-க்கும் 4-க்கும் 32.8. அணைத்து, வடியவிட்டு, ஐசி மூன்றையும் சொருகினேன். பவர் டிரான்சிஸ்டரை, கரண்ட் கடத்தாத மைக்காத் தகடு வைத்து ஹீட்சிங்கில் முறுக்கி, இரண்டுக்கும் நடுவில் தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் மறுபடி கரண்ட்.

0-லிருந்து 25.1 வரை வழுவழுவென்று ஏறுகிறது. லோடு மாட்டி 2 ஆம்பியர் இழுத்துப் பார்த்தேன். 15 வோல்ட் வரை அசையாமல் நிற்கிறது, அதற்கு மேல் போனால் தொய்கிறது. அந்த 3300 மைக்ரோ பேரட் 2 ஆம்பியருக்குப் பற்றவில்லை. குறைந்த வோல்ட்டில் அதிகக் கரண்ட் இழுத்தால் ஹீட்சிங்கில் தோசை சுடலாம். அதனால் ஃபேன் மாட்டுகிற வரை ஒன்றரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். கிட் இரண்டு 1330, டிரான்ஸ்பார்மர் 820, அவிழ்த்த கூலி 250, செத்த டெஸ்டர் 950, ஹீட்சிங் 180, பேட்டரி மூன்று 90, ரெசிஸ்டர் 10. ஆக 3630. ரெடிமேட் நாலாயிரம் என்று சொன்னேன் அல்லவா, அந்த வரியை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தமுறை டிரான்ஸ்பார்மரை முதலில் வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, பகலில் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் கிட்டுக்கு ஆர்டர் போடுவேன். பெரிய கண்டன்சரின் இடத்தில் 4700 இரண்டு வைப்பேன். 1 கே ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்து, வடிப்பதற்கென்றே ஒரு வயரை டெஸ்டர் டப்பாவிலேயே கட்டி வைப்பேன். டயோடைக் காலில் வெட்டுவதற்கு முன், டேப்போடு இருக்கும்போதே சோதிப்பேன். தனியாக வெட்டியதால்தான் ஒன்று பூவுக்குள் போனது.

பலகையை அப்பத்தாவிடம் துடைத்துக் கொடுத்துவிட்டேன். டேப் ஒட்டிய தடம் மட்டும் போகவில்லை, தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறது. ஆறாவது 10 கே மிச்சம். புது டெஸ்டர் வெள்ளிக்கிழமை வருமாம்.